பாயிண்டர் பெட்டை வைத்திருக்கிறேன், குட்டி எடுத்துப் பழக்கி விற்கலாமா? வேட்டைக்கே போகாமல் வேட்டை நாயைப் பழக்க முடியுமா?

அருமனைப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அருமனைப் பக்கம். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் ரப்பர், அப்பா பால் வெட்டுகிறார், எனக்கு மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை. குவைத்திலிருந்து லீவில் வந்த மாமா ஆசைப்பட்டு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் பெட்டைக்குட்டி ஒன்றை வாங்கினார். லீவு முடிந்தது, மாமா விமானம் ஏறிவிட்டார், நாய் என் தலையில். இப்போது பதினோரு மாதம். ஈரல் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். பெயர் செல்லி.

உண்மையைச் சொன்னால் முதல் நாலு மாதம் எனக்கு அதைப் பிடிக்கவே இல்லை. எவ்வளவு ஓடவிட்டாலும் களைக்காது, கட்டிப்போட்டால் ஊளை, அவிழ்த்துவிட்டால் செருப்பு. ஒருநாள் பால் எடுக்கப் போகும் நேரத்துக்கு முன்னால் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகளைக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டது. பதினேழு சிரட்டை. ஒன்றுகூட உடையவில்லை, ஆனால் பால் அதன் தாடையிலும் காதிலும் ஒட்டி உறைந்து, உரித்து எடுக்க ராத்திரி ஆகிவிட்டது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு முன் நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் கன்றுக்கு நடுவில் அன்னாசி போட்டிருக்கிறார்கள். காலையில் அந்த ஓரமாக ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். ஒரு முன்னங்கால் மடங்கித் தூக்கியபடி, வால் நேராக, மூக்கு ஒரு புதரைப் பார்த்து. கூப்பிட்டேன், அசையவில்லை. மூக்கின் ஓரம் மட்டும் துடிக்கிறது. இரண்டு நிமிடம் இருக்கும். நான் போய்ப் புதரை மிதித்தால் உள்ளேயிருந்து ஒரு செம்போத்து எழுந்து பறந்தது! யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இப்போது கேள்வி. இவளிடம் குட்டி எடுத்து, நன்றாகப் பழக்கிக் கொடுக்கும் ஒரு பிரீடராக வரவேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது? வேட்டை சட்டப்படி குற்றம் என்று தெரியும், வேட்டைக்குப் போகாமல் இந்த நாயை முழுசாகப் பழக்க முடியுமா? பக்கத்து வீட்டு அண்ணன் தன் கன்னி நாயோடு (கன்னி என்பது நம்ம நாட்டு வேட்டை நாய் ஜாதி) சேர்த்துவிடு, பிறக்கும் குட்டி ஓட்டத்துக்கு ஓட்டம், மோப்பத்துக்கு மோப்பம் என்கிறார். சரியா? இதில் காசு உண்டா என்பதையும் சொல்லுங்கள், வீட்டில் முதல் கேள்வி அதுதான்.


தோவாளைக்காற்று:

தம்பி, சிரட்டைக் கதையை வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அன்று அவளை அடித்தாயா, திட்டினாயா? அதை முதலில் சொல். பதினேழையும் உடைக்காமல் கொண்டுவந்து உன் வாசலில் வைத்த வாய் அது. எத்தனையோ பேர் அந்த மென்மையான வாய்க்காக மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். உனக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, சிரட்டைக்குப் பதில் வேறு சாமானைக் கையில் கொடு, அவ்வளவுதான்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம். அப்பா காலத்திலிருந்தே வீட்டில் கன்னி நாய்தான். சின்ன வயதில் பெரியவர்களோடு முயலுக்குப் போயிருக்கிறேன், பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்போது அதைத் தப்பென்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. ஊரில் இரண்டு பேர் வழக்கில் மாட்டி ஜாமீனுக்கு அலைந்ததைப் பார்த்த பிறகு அப்பா வேட்டையை விட்டார், நாயை விடவில்லை. கன்னி, சிப்பிப்பாறை இதெல்லாம் கண்ணால் துரத்தும் ஜாதி. பார்த்தது, பாய்ந்தது, அவ்வளவு. வயலைத் தாண்டிய பிறகுதான் முதலாளி ஒருத்தர் இருக்கிறார் என்ற ஞாபகமே வரும். உன்னுடையது மூக்கால் தேடி, கண்டதும் நின்று, நீ வரும்வரை காத்திருக்கும் ஜாதி. தேடும்போது நடுவில் ஒருதரம் திரும்பி உன்னைப் பார்ப்பாள் பார், அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் பாயிண்டர் பக்கம் வந்தேன்.

வந்தவன் ஒழுங்காக வந்தேனா என்றால் இல்லை. சர்டிபிகேட் இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஜோடி வாங்கி, பெட்டை பருவத்துக்கு வந்ததும் சேர்த்துவிட்டேன். எட்டுக் குட்டி. ஆறு விற்றது, வாங்கியவர்களில் பாதிப் பேர் மாடி வீட்டுக்காரர்கள். பத்து மாதத்துக்குள் மூன்று குட்டி திரும்பி வந்தது. சோபாவைப் பிய்த்துவிட்டது, காம்பவுண்டைத் தாண்டிவிட்டது, எங்களால் முடியாது அண்ணாச்சி. விற்காத இரண்டு, தாய், தகப்பன், இந்த மூன்று என்று ஏழு நாய். சோறு வடிக்கத் தனி அடுப்பு. வந்த காசு தீவனத்திலேயே போனது. ஏழையும் சமாளிக்க வேறு வழியில்லாமல்தான் பழக்கக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

அந்த எட்டில் ஒரு கடுவன், மூக்கில் கெட்டிக்காரன். நாலு மாதத்தில் அவனை எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்துக்குப் பழகட்டும் என்று நினைப்பு. வெடிக்கட்டு போட்ட இடத்துக்கு இருபதடி தூரத்தில் நின்றோம். முதல் வெடிக்கே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியவனை மறுநாள் மாட்டுத் தொழுவத்தில் வைக்கோலுக்குள் கண்டெடுத்தோம். அதற்கப்புறம் கதவு காற்றில் அடித்தால்கூட கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கடைசிவரை சரியாகவில்லை. அது முழுக்க என் தப்பு. இப்போது எந்தக் குட்டியானாலும், அது சோறு தின்னும்போது முற்றத்தின் அந்தக் கோடியில் ஒரு எவர்சில்வர் தட்டை மெதுவாகத் தட்டச் சொல்வேன். தலை தூக்காமல் தின்றால் மறுவாரம் நாலடி பக்கத்தில். மூன்று மாதம் ஆகும், ஆகட்டும்.

வேட்டைக்குப் போகாமல் பழக்க முடியுமா என்று கேட்டாய். நன்றாகவே முடியும். காடைக் கடையில் சிறகை வெட்டித் தூரப் போடுவார்கள், கேட்டால் சும்மா தருவார்கள், பிரீசரில் வைத்துக்கொள். ஒரு காய்ந்த கதம்பையை (தேங்காய் மட்டை) ரப்பர் டியூபால் இறுக்கிச் சுற்றி அதில் சிறகைக் கட்டு. தண்ணீரில் மிதக்கும், வாய்க்கும் இதம். எடுத்துவரப் பழக்க இதைவிட நல்ல சாமான் நான் கண்டதில்லை. தூண்டில் கம்பில் சிறகைக் கட்டி ஆட்டுவதை எல்லோரும் வீடியோவில் காட்டுகிறார்கள், அதை இரண்டு மூன்று தரத்துக்கு மேல் செய்யாதே. அசைவதைப் பார்த்து நிற்கப் பழகிவிட்டால் மூக்கை மறந்துவிடும்.

தடம் பிடிக்க: விடியற்காலையில் சிறகுக் கட்டைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போ. முதல் நாள் நேராக ஐம்பது அடி, பிறகு ஒரு திருப்பம், பிறகு இரண்டு. காற்று உன் முதுகில் படும் திசையில் இழு, இல்லையென்றால் தலையைத் தூக்கிக் காற்றிலேயே மோப்பம் பிடித்துக் குறுக்கே போய்விடுவாள், தரையில் மூக்கு வைக்கமாட்டாள். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்கு எட்டு மணிக்கு மேல் தரையில் ஒரு வாசமும் நிற்காது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ரப்பர் நிழலில் ஈரம் ரொம்ப நேரம் கிடக்கும். கொடுத்துவைத்தவன் நீ.

"நில்" என்ற சொல்லுக்கு ஒரு பலகை போதும், இரண்டு செங்கல் மேல் வைத்து. அதில் ஏறினால் நிற்கவேண்டும், நீ தொடும்வரை இறங்கக்கூடாது. தண்ணீரில் தூக்கி எறியாதே, நீ முழங்கால் அளவு இறங்கிக் கூப்பிடு, வருவாள். பேச்சிப்பாறை அணை திறந்திருக்கும் நாளில் சானலில் (பாசனக் கால்வாய்) இறக்கவே இறக்காதே, இழுப்பில் நீயும் போவாய்.

கன்னியோடு சேர்ப்பதா? வேண்டாம். ஓட்டமும் மோப்பமும் சேர்ந்து வரும் என்று உன் அண்ணன் சொல்கிறார், மோப்பமும் இல்லாமல் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காத குட்டி நாலு வந்தால் அதை அவர் வளர்ப்பாரா என்று கேள்.


சானல்கரை:

அண்ணாச்சி சொன்னதை நான் ஒத்துக்கமாட்டேன். நம்ம நாட்டு நாயை வைத்துக்கொண்டு வெளிநாட்டு நாய் எதற்கு மக்கா? கன்னி, கோம்பை, ராஜபாளையம் எதிலும் இல்லாத என்ன இதில் இருக்கிறது? எங்கள் கோம்பை ராத்திரி மரச்சீனிக் கிழங்குக்கு வரும் காட்டுப்பன்றியை ஒற்றையாக மறித்து நிறுத்தும்.


தோவாளைக்காற்று:

நாட்டு நாய் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இப்போதும் வீட்டில் ஒரு பால்கன்னி கிடக்கிறது. இரண்டையும் கலக்காதே என்றுதான் சொன்னேன். பன்றியை மறிக்கும் கதையைப் பொதுவில் எழுதாதே, கீழே டாக்டரம்மா வந்து காரணம் சொல்வார்கள் பார்.


குழித்துறை டு பவேரியா:

நான் எட்டு வருடமாக ஜெர்மனியில். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டை லைசென்ஸ் உள்ளவர், அவரிடம் இதே ஷார்ட்ஹேர்டு இரண்டு. அவரோடு வேடிக்கை பார்க்கப் போய் எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கே எப்படி என்று சொல்கிறேன், தம்பிக்கு உதவும்.

இங்கே இந்த நாய் வெறும் பறவை நாய் கிடையாது. வயல், காடு, தண்ணீர் மூன்றிலும் வேலை செய்யவேண்டும். சுடுவதற்கு முன்னால் தேடிக் காட்டவேண்டும், சுட்ட பின்னால் அடிபட்டதைத் தேடிக் கொண்டுவரவேண்டும். அடிபட்ட உயிர் புதருக்குள் கிடந்து சாகக்கூடாது என்பதில் இவர்கள் ரொம்பக் கறார், பழகிய நாய் இல்லாமல் வாத்து வேட்டைக்கே போகமுடியாது. 19ஆம் நூற்றாண்டில் இந்த இனத்தை உருவாக்கும்போது சோல்ம்ஸ் பிரவுன்பெல்ஸ் இளவரசர் ஆல்பிரெக்ட் என்பவர், அழகைப் பார்க்காதே, வேலையைப் பார், உருவம் தானாக வரும் என்று நின்றாராம். அவர் பெயரிலேயே இன்றும் இலையுதிர் காலத்தில் ஒரு தேர்வு நடக்கிறது, சோல்ம்ஸ் என்றே பெயர். வசந்தத்தில் இளம் நாய்களுக்கு டெர்பி என்று ஒரு தேர்வு. இவற்றில் தேறி, இடுப்பு எக்ஸ்ரேயும் சரியாக இருந்தால்தான் கிளப்பில் குட்டி எடுக்கவே விடுவார்கள். பேப்பர் இருக்கிறது என்பதற்காக ஒருவரும் சேர்த்துவிடமுடியாது.

இரையைக் கண்டு நின்று காட்டும் எல்லா இன நாய்க்கும் பொதுவாக இன்னொரு இளம் நாய்த் தேர்வு உண்டு, போன ஏப்ரலில் பார்த்தேன். ஒரு முயல் எழுந்து ஓடும், நாய் அதைப் பார்க்கக்கூடாது, மறைத்து வைத்திருப்பார்கள். முயல் கண்ணுக்கு மறைந்த பிறகு அது போன தடத்தில் நாயைக் கொண்டுபோய் வைத்து, முதல் கொஞ்ச தூரம் கயிற்றில் கூட்டிப்போய் அவிழ்த்துவிடுவார்கள். அப்போது நடுவர்கள் முயலைத் தேடமாட்டார்கள், நாயைத்தான் பார்ப்பார்கள். நாயின் மூக்கு தரையை விட்டு எழுகிறதா, தடம் தப்பினால் தானாகத் திரும்பி வந்து தேடுகிறதா, அதுதான் மார்க். நான் பார்த்த அன்று ஒரு நாய் தடத்தை மூன்று தரம் விட்டு மூன்று தரமும் தானே திரும்பி வந்து பிடித்தது. பெரியவர் என் காதில், தடத்தை விடாத நாயைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய நாவ்டா என்ற சங்கம் இதையே கொஞ்சம் மாற்றி நடத்துகிறது. இயற்கைத் திறன் தேர்வுக்கு நாய் 16 மாதத்துக்குள் இருக்கவேண்டும். மூக்கு, தேடல், தடம், இரையைக் கண்டு நிற்பது, தண்ணீர், வேலையில் ஆசை, ஆளோடு ஒத்துழைப்பு என்று ஏழு விஷயம் பார்ப்பார்கள். செல்லிக்குப் பதினோரு மாதம் என்றால் சரியான வயது. அங்கே போகத் தேவையில்லை, இந்த ஏழு விஷயத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாரா வாரம் நீயே மார்க் போடு. உன் நாய்க்கு நீ மார்க் போட்டால் கூடத்தான் போடுவாய், அதனால் வேறு ஒருவரை வைத்துப் போடச் சொல். அண்ணாச்சியைக் கேட்டுப் பாரேன்.


ஊசிக்காரி:

கால்நடை மருத்துவர், நாகர்கோவில் பக்கம். இரண்டு விஷயம் மட்டும், ஆனால் இரண்டும் நீளம்.

முதலில் சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, இதற்கு முயற்சி செய்வதுகூட அதே சொல்லுக்குள் வந்துவிடும். முயல், கௌதாரி, காட்டுப்பன்றி எதுவானாலும். சானல்கரை தம்பி, உங்கள் கோம்பை மறித்து நிறுத்தியது என்று எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். பன்றி தொல்லை நிஜம்தான், மரச்சீனி போட்டவன் வயிறு எரிவது எனக்கும் தெரியும், ஆனால் அதைச் செய்யவேண்டியது வனத்துறை. அருமனைத் தம்பி, சரணாலயத்து ஓரம் நாயை அவிழ்த்துவிடாதீர்கள், கீரிப்பாறை பக்கம் காட்டு மிருகம் கடித்த நாய்களுக்குத் தையல் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களிலும் வேண்டாம், 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த இடங்கள், குளிர்காலத்தில் வலசைப் பறவை இறங்கியிருக்கும்.

குட்டி எடுப்பதற்கும் விதி உண்டு. 2017 நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி விற்பனைக்குக் குட்டி எடுப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் சேர்க்கக்கூடாது, எட்டு வயதுக்கு மேலும் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பதினோரு மாதச் செல்லிக்கு இப்போது கல்யாணப் பேச்சே கிடையாது.

அடுத்தது உடம்பு. சேர்ப்பதற்கு முன்னால் இரண்டுக்கும் புருசெல்லா என்ற கிருமிக்கான ரத்தப் பரிசோதனை, இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் விடாதீர்கள். இடுப்பு எக்ஸ்ரே இரண்டு வயதில் எடுத்தால்தான் நம்பிக்கையாகச் சொல்லமுடியும், அதுவரை பொறுங்கள். சினை சுமார் 63 நாள். நம் மாவட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மழை, தண்ணீரிலும் சேற்றிலும் வேலை செய்யும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியை வருடா வருடம் போட்டே ஆகவேண்டும். ரப்பர் தோட்டத்து உண்ணியால் வரும் காய்ச்சல்தான் என்னிடம் வரும் நாய்களில் நான் அதிகம் பார்ப்பது. வெளியே போய் வந்ததும் காது மடிப்பு, விரல் இடுக்கு இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஆழமான நெஞ்சுள்ள நாய் இது, வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளலாம், அப்படி ஆனால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் சோறு.

கன்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பில் கொழுப்பே இல்லாத ஜாதி, சில மயக்க மருந்திலிருந்து அது எழுந்திருக்க ரொம்ப நேரம் பிடிக்கும். ஆபரேஷன் என்றால் நாய் என்ன இனம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.


அருமனைப்பையன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, அடிக்கவில்லை, ஆனால் திட்டினேன். இப்போது கஷ்டமாக இருக்கிறது.

டாக்டர் அக்கா, பருவத்துக்கு வந்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது, பரவாயில்லை. குட்டி இரண்டு வயதுக்கு மேல்தான், அதுவும் எக்ஸ்ரே பார்த்துவிட்டு. அதற்கு முன்னால் காசு இதில் வராது என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்போ சிரட்டைக்காவது பதில் சொல்லு" என்றார். அது போதும் எனக்கு, பேச ஆரம்பித்துவிட்டார்.

நேற்றும் இன்றும் தடம் இழுத்துப் பார்த்தேன். நேர்க்கோட்டில் போகிறாள். திருப்பம் வந்ததும் நேராகவே போய் ரொம்ப தூரம் தாண்டிவிடுகிறாள், அப்புறம் நின்று என்னைப் பார்க்கிறாள். நான் கையைக் காட்டினால் வருகிறாள். காட்டலாமா கூடாதா?


தோவாளைக்காற்று:

காட்டாதே. கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நில். அவள் மூக்குக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்று அவளுக்குப் புரியவேண்டும். முதல் நாள் பத்து நிமிடம் ஆகும், எரிச்சல் வரும், பொறு. திருப்பத்தில் மட்டும் சிறகுக் கட்டை இரண்டுதரம் தரையில் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போ, வாசம் கொஞ்சம் கூடக் கிடக்கும்.

நோட்டில் மார்க் போட ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அஞ்சரைக்கு அங்கே இருப்பேன், கதம்பை மூன்று காயப்போட்டு வை. உன் அப்பாவையும் நிற்கச் சொல், சிரட்டை விஷயமாக அவரிடம் எனக்கும் கொஞ்சம் பேசவேண்டும்.